எவ்வளவு கொடுக்கும்?

நம்மைச் சிரிக்க வைக்கிற விளம்பரத்தை நாம் விளம்பரம் என்று நினைப்பதில்லை, துணுக்கு என்று நினைக்கிறோம். அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்கிறோம், வாட்ஸப்பில் அனுப்புகிறோம். விற்க வந்தவன் கூலி கொடுக்காமலே நம்மை வேலைக்கு வைத்துக்கொள்கிறான். பல வருடம் தவணை கட்டவேண்டிய ஒரு பொருளை முப்பது வினாடிச் சிரிப்பில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தக் கார் கம்பெனிகள் நன்றாகவே கற்றிருக்கின்றன. அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது? காருக்கான பணம் யாருடையது? சாவி யார் கைக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டால் விடை கிடைக்காது. சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான் ராதாபுரத்துக்காரி. எங்கள் வட்டாரத்தில் காற்றாலைகள் உண்டு, கூடங்குளம் உண்டு, கடல் உண்டு, பீடித் தட்டை மடியில் வைத்த பெண்கள் உண்டு. ஊருக்குள் நிற்கிற கார்களில் பாதிக்கு ஒரு கல்யாணக் கதை உண்டு. கார் விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்தக் கதைகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மைலேஜ் தமாசு

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி சுசுகி ஒரு விளம்பர வரிசையை ஓடவிட்டது. ‘கித்னா தேதி ஹை?’ என்ற ஒரே கேள்விதான் எல்லாவற்றிலும். கோடீஸ்வரன் ஒருவனுக்குச் சொகுசுப் படகின் பெருமையெல்லாம் விளக்கப்படுகிறது. இன்னொன்றில் விண்கலத்தின் பெருமை. எல்லாம் கேட்டுமுடித்து நம் ஊர்க்காரர் வாயைத் திறக்கிறார்: “எவ்வளவு கொடுக்கும்?” மைலேஜைத்தான் கேட்கிறார். மைலேஜ் பைத்தியம் பிடித்த நாட்டுக்காகவே கார் செய்கிறோம் என்று கம்பெனி முடிக்கிறது.

நல்ல தமாசு. பணகுடிப் பக்கம் மகேந்திரகிரி அடிவாரத்தில் நிஜமாகவே ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள். அங்கே எங்கள் மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அவரும் அதைத்தான் கேட்பார். அதனால்தான் சிரித்தோம். சிரித்த உடனே மூன்று காரியம் நடந்துவிடுகிறது. ‘இவனுக்கு நம்மைத் தெரியும்’ என்று கம்பெனி மேல் நம்பிக்கை வருகிறது. ‘நாமெல்லாம் இப்படித்தான்’ என்று ஒரு பாசம் வருகிறது. கணக்குப் பார்த்து வாங்குகிறோம் என்ற திருப்தியும் வருகிறது. நம்பிக்கை, உணர்ச்சி, கணக்கு என்று பேச்சுக்கலைப் பாடத்தில் பிரித்துச் சொல்வார்களே, அந்த மூன்று கொக்கிகளும் ஒரே சிரிப்பில் மாட்டிக்கொள்கின்றன. இதில் கணக்குக் கொக்கிதான் வேடிக்கை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் ஒன்றுகூட நம் நினைவில் நிற்பதில்லை. கணக்குப் போடுகிற ஆளைப் பார்த்துச் சிரித்தோம், கணக்கே போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

நான்கு வகைச் சிரிப்பு

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு இடங்களைச் சொல்கிறது. பிறரை எள்ளுவது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, மடமை. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கார் விளம்பரங்களைப் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

சிறுபிள்ளைத்தனத்துக்கு மாருதியின் பழைய விளம்பரம் ஒன்று: சீக்கியச் சிறுவன் ஒருவன் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டே இருக்கிறான், பெட்ரோல் தீரவே மாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்ய என்று அப்பாவிடம் கையை விரிக்கிறான். அறியாமைக்கு விண்கலத்தின் மைலேஜைக் கேட்ட மனிதர். இருவரையும் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் சிரிப்பின் முடிவில் இருவருமே ஜெயிக்கிறார்கள். பையன் பொம்மைக் காரை நிறுத்தவே இல்லை. மைலேஜ் கேட்டவருக்கு அவருக்கென்றே செய்த கார் கிடைக்கிறது. ஆணைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பு அவனை வீட்டுக்கு நெருக்கமானவன் ஆக்கிவிடுகிறது.

மீதி இரண்டும், எள்ளலும் மடமையும், பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை. இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சிரிப்புக்குக் காரணம் என்று சொன்ன அதே மடனை, அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்குரிய குணம் என்றும் தொல்காப்பியம் வேறோர் இடத்தில் சொல்கிறது. இருந்தால் நல்ல பெண். இருப்பதனாலேயே சிரிப்புக்கு இடம். இந்தப் பொறி நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. விளம்பரக் கம்பெனிகள் அதற்குச் சக்கரம் மாட்டினார்கள், அவ்வளவுதான்.

1960களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஃபோக்ஸ்வாகன் ஒரு விளம்பரம் செய்தது. முன்பக்கம் நசுங்கிய கார்ப் படம். உங்கள் மனைவி என்றைக்காவது எங்காவது இடித்துவிட்டுத்தான் வருவாள், எங்கள் காரில் அதைச் சரிசெய்யச் செலவு குறைவு என்பது விஷயம். உதிரிப்பாகத்தின் மலிவைச் சொல்ல ஒரு பெண்ணின் கையாலாகாத்தனம் தேவைப்பட்டது. சோப்பையும் சமையல் எண்ணெயையும் மனைவிக்கு விற்பார்கள். காரைக் கணவனுக்கு விற்பதற்கு மனைவியே துணுக்கு ஆகிறாள்.

அது அந்தக் காலம் என்பார்கள். 2012 செப்டம்பருக்கு வருவோம். அதே கம்பெனி இந்திய நாளிதழ்களில், பக்கத்தைத் திறந்தால் அதிர்கிற சின்னக் கருவியை ஒட்டி விளம்பரம் கொடுத்தது. கையில் அதிர்ந்ததைப் பார்த்தவர்கள் வைப்ரேட்டர் என்று கேலி செய்தார்கள். கம்பெனியின் இந்திய ட்விட்டர் பக்கம் திருப்பி அடித்தது, பெண்களைப் பார்த்து மட்டும். இதை வைப்ரேட்டர் என்று சொல்கிற பெண்கள் மக்குகள், அல்லது வண்டி ஓட்டுவதன் சுகம் தெரியாதவர்கள் என்ற பொருளில் ஒரு பதிவு. சிலேடை என்று அடையாளமும் போட்டிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். கேலி செய்தவர்களில் ஆண்களும் உண்டு. மக்கு என்ற பட்டம் பெண்ணைத்தான் தேடி வந்தது.

டிக்கிக்குள் பெண்கள்

மறைமலை நகரில் தயாரான கார் ஃபோர்டு ஃபிகோ. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்த்த தொழிற்சாலை அது. 2013 மார்ச்சில் அந்தக் காருக்காக ஜே.டபிள்யூ.டி. இந்தியா என்ற விளம்பர நிறுவனத்தில் செய்த சில சுவரொட்டிப் படங்கள் வெளியே வந்தன. ஒன்றில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனியின் கேலிச்சித்திரம் முன்னிருக்கையில் இருந்து திரும்பி, இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறது. பின்னால் திறந்திருக்கும் டிக்கிக்குள் மூன்று பெண்கள், வாயில் துணி அடைத்து, கைகால் கட்டி. கவலைகளைப் பின்னால் தள்ளிவிடுங்கள், டிக்கி அவ்வளவு பெரிது என்பதுதான் நகைச்சுவை.

டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு குற்றவியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே மார்ச் மாதத்தில்தான். ஒரு வண்டிக்குள் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் இதை வரைந்திருக்கிறார்கள், சிலர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். படங்கள் விளம்பரமாக ஓடவில்லை, நாங்கள் அனுமதிக்கவும் இல்லை என்று ஃபோர்டு சொன்னது. மன்னிப்புக் கேட்டது. விளம்பர நிறுவனத்தில் சிலருக்கு வேலை போனது. எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் படத்தில் பெண்களை எடுத்துவிட்டுப் பெட்டிகளை வைத்திருந்தாலும் டிக்கி பெரிது என்ற செய்தி அப்படியே போய்ச் சேரும். பொருளைப் பற்றி எதுவும் கூட்டாத இடத்தில் பெண்ணைக் கட்டிப் போட்டார்கள். வாங்குபவன் ஆண், அவனுக்கு இது பிடிக்கும் என்ற ஊகம் அதில் இருக்கிறது. அந்த ஊகம்தான் அவமானம், ஆண்களுக்கும் சேர்த்து.

இனி அந்தச் சிரிப்பு எதை மறைத்தது என்று பார்ப்போம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களின் அடிப்படை ரகங்களை, காற்றுப்பை இல்லாதவற்றை, மோதவிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. மாருதி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். டிக்கியின் அகலத்தைச் சொல்லப் பெண்களைக் கட்டிப்போட்ட காரும் அதில் இருந்தது. பெண்களை மக்கு என்ற கம்பெனியின் காரும் இருந்தது.

ஓட்டுபவர் இருக்கைக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து இருக்கைக்கு, அதுவும் புதிய மாடல்களில் தொடங்கி, 2021 ஏப்ரலில். இடையில் ஏறத்தாழ இரண்டு வருடம் ஓர் உயிருக்குப் பை உண்டு, பக்கத்து உயிருக்குப் பை இல்லை என்று புதுக் கார்களை விற்கச் சட்டத்தில் இடம் இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார், மடியில் யாரை வைத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேருக்கு நேர் மோதலில், பெல்ட் போட்டிருந்தாலும் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. மோதல் சோதனைக்கு வைக்கும் பொம்மை காலங்காலமாக ஆணுடம்பின் அளவில்தான் செய்யப்பட்டது. ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று நம்மைக் கேட்கப் பழக்கினார்கள். ‘மோதினால் யார் பிழைப்பார்?’ என்ற கேள்விக்கு யாரும் தமாசு எழுதவில்லை.

மறுவீட்டு பஸ்

இப்போது பணத்துக்கு வருகிறேன். எங்கள் உறவில் ஒரு கல்யாணப் பேச்சு. நகை இத்தனை பவுன் என்று முடிந்துவிட்டது. பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் பேசியாயிற்று. வண்டி என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்: “என்ன மச்சான், மாப்ள மறுவீட்டுக்கு டவுன் பஸ்லயா வருவாவ?” கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் விலை ஏழு லட்சம். தென்னந்தோப்பில் ஒரு பகுதி போனது.

கார் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டப்படி வாங்குவது குற்றம், கொடுப்பது குற்றம், கேட்பதே குற்றம். ஆனால் அந்தப் பெரியவர் எதைக் கேட்டார்? ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸைப் பற்றி ஒரு தமாசு சொன்னார். கார் கேட்டார் என்று புகார் எழுதலாம், தமாசு சொன்னார் என்று எந்த போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவது? மறுத்துப் பேசினால், “சும்மா வெளையாட்டுக்குச் சொன்னம்லா, அதப் போயி பெருசா எடுத்துக்கிடுதியளே” என்பார். கேட்டதற்குப் பொறுப்பேற்காமல் கேட்பதற்கான வழி அது. விளம்பரமும் அதையே செய்கிறது. இந்தக் கார் வாங்கினால்தான் நீ ஆண்மகன், பெண்டாட்டி இடிப்பாள், பெண் என்றால் சாமான் என்று நேராகச் சொன்னால் சண்டைக்குப் போவோம். சிரித்துக்கொண்டு சொன்னால், சண்டைக்குப் போகிறவளுக்கு ரசனை இல்லை என்றாகிவிடும்.

தமாசு எங்கே போய் முடியும் என்பதற்கு மலை தாண்டிப் பார்த்தால் போதும். 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி கணவன் வீட்டில் இறந்தாள். 100 பவுனும் நிலமும் காரும் கொடுத்த கல்யாணம். கொடுத்த கார் தனக்குப் பிடித்ததில்லை என்பது கணவனுக்குத் தீராத குறை. அவர் வேலை பார்த்ததே மோட்டார் வாகனத் துறையில். விசாரணை நீதிமன்றம் 2022 மே மாதம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. எந்தக் கார் கௌரவம், எந்தக் கார் கேவலம் என்று ஒரு மனிதனின் தலைக்குள் ஒரு தராசு இருந்தது. அந்தத் தராசைச் செய்ததில் தினமும் வீட்டுக்குள் வந்து சிரிக்க வைத்தவர்களுக்குப் பங்கு இல்லையா? தனியாக அவர்கள்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

நகை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். சிரிப்பும் நகைதான், கழுத்தில் கிடப்பதும் நகைதான். கார் வாங்கும் வீடுகளில் முதல் நகை ஆணுக்கு, இரண்டாவது நகை அடகுக் கடைக்கு.

ஸ்கூட்டர் உனக்கு, கார் எனக்கு

இப்போதெல்லாம் பெண் ஓட்டுவதாகக் காட்டுகிறோமே என்று விளம்பரக்காரர்கள் சொல்வார்கள். என்ன ஓட்டுகிறாள் என்று பாருங்கள். 2001இல் பஜாஜ் பல்சர் வந்தபோது இது சந்தேகமில்லாமல் ஆண்தான் என்பதே அதன் முழக்கம். சில வருடம் கழித்து ஹீரோ ஹோண்டா ப்ளஷர் ஸ்கூட்டருக்குப் பிரியங்கா சோப்ரா வந்து, எல்லா ஜாலியும் பையன்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். வண்டிகளுக்கும் ஆண்பால் பெண்பால் பிரித்தாயிற்று.

ஸ்கூட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துத் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் குடும்பக் கம்பெனி விட்ட ஸ்கூட்டி, தென்மாவட்டப் பெண்களுக்குப் பல மாநாடுகள் செய்யாததைச் செய்தது. பீடிக்கடைக்குப் போகிறவள், டியூஷனுக்குப் பிள்ளையைக் கொண்டுவிடுகிறவள், வள்ளியூர்க் கடையில் கணக்கு எழுதப் போகிறவள், எல்லோரும் அதில்தான் போகிறார்கள். அவர்களுக்கு அது ஜாலி இல்லை. ஒரு நாள் சம்பளம். விளம்பரம் அதைச் சொல்லாது. ஆணின் வண்டிக்குத் தேவை, வேகம், குடும்பம், அந்தஸ்து என்று நாலு காரணம் காட்டுவார்கள். பெண்ணின் வண்டிக்கு விளையாட்டுதான் காரணம்.

பெண்ணின் பயணத் தேவையை நேராகச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, அதனால் விளம்பரத்துக்கும் ஆகாது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனத்தின் பாதி விலையை, 25,000 ரூபாய் வரை, தமிழக அரசு மானியமாகக் கொடுத்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. இரண்டும் தமாசு இல்லாமல்தான் நம்மிடம் வந்தன. ஆனால் நாம் ஏறி உட்கார்ந்த பிறகு தமாசு வந்தது. 2022இல் ஓர் அமைச்சர் மேடையில் ‘ஓசி’ என்றார், பிறகு வருத்தம் தெரிவித்தார். மறுவீட்டுக்கு மாப்பிள்ளை பஸ்ஸில் வருவாரா என்று சிரித்த அதே வாய், பஸ்ஸில் போகிற பெண்ணையும் பார்த்துச் சிரிக்கிறது.

பெண்ணுக்கு ஓட்டத் தெரியாது என்ற துணுக்கு வார இதழ்களில் செழித்திருந்த காலத்தில், 1993இல், கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று அவரைச் சொல்கிறார்கள். நாகர்கோவில் வழித்தடங்களில் ஓட்டி 2017இல் ஓய்வு பெற்றார். எங்கள் ஊரிலிருந்து நாகர்கோவில் கூப்பிடு தூரம். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், “பொம்பளைக்கு ரிவர்ஸ் மட்டும் வராதுக்கா” என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சிரித்தார். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் டிப்போவுக்குள் ரிவர்ஸ் எடுத்த ஒரு பெண், இருபத்து நாலு வருடம் ஓட்டியும் அந்தத் துணுக்கை அசைக்க முடியவில்லை. துணுக்கு உண்மையைச் சார்ந்து நிற்பதில்லை. அதனால் ஆதாயம் பெறுகிறவர்களைச் சார்ந்து நிற்கிறது.

ரசனை இல்லாதவள்

இவ்வளவும் எழுதினால், உனக்குச் சிரிக்கவே தெரியாதா என்பார்கள். திருநெல்வேலிக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பேச்சில் பாதி நக்கல். பீடி சுற்றுகிற திண்ணையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். புருஷன், மாமியார், கம்பெனிக்காரன், கழிவுப் பீடி என்று கூலியைப் பிடிக்கிற கணக்கன், யாரும் தப்ப மாட்டார்கள். வயிறு வலிக்கும். அந்தச் சிரிப்பு கீழேயிருந்து மேலே போகிறது, அதிகாரத்தை ஒரு நிமிடம் சட்டை கழற்றி நிறுத்துகிறது. அந்தத் திண்ணையிலிருந்து ஒரு துணுக்காவது கார் விளம்பரத்தில் வந்திருக்கிறதா? வராது. அப்பன் வீட்டுப் பணத்தில் வாங்கிய காரைத் துடைத்துத் துடைத்து நிறுத்துகிற மாப்பிள்ளையைப் பற்றி அங்கே சொல்கிற கதைகளைக் காட்டினால் எவன் கார் வாங்குவான்?

பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2019இல் ஃபோக்ஸ்வாகனின் மின்கார் விளம்பரம் ஒன்றைத் தடை செய்தது. அதில் ஆபாசம் இல்லை, கேலிகூட இல்லை. ஆண்கள் விண்வெளியில் மிதக்கிறார்கள், நீளம் தாண்டுகிறார்கள். ஒரு பெண் குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஏற்பாடே தீங்கு என்று சொன்னார்கள். நம் நாட்டில் பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் உடம்பைத்தான் கண்காணிக்கிறது. முந்தானை சரியாக இருந்தால் எந்த அவமானத்தையும் சிரித்துக்கொண்டே காட்டலாம். விளம்பரத் தர மன்றமான ஏ.எஸ்.சி.ஐ. 2022இல் பாலினப் பிம்பங்கள் பற்றி நெறிமுறை கொண்டுவந்தது நல்லதுதான். ஆனால் அது விளம்பரத் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. அதற்கும் புகார் எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கார் விளம்பரத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சத்தம் போனதும் சிரிப்பு போய்விடும், ஏற்பாடு மட்டும் மிஞ்சும். ஸ்டியரிங் யார் கையில், பின்னால் யார், சிரிக்கிறவர் யார், சிரிக்கப்படுகிறவர் யார் என்று நாலு கோடு போட்டு எழுதுங்கள். பத்து விளம்பரம் போதும். அதை வகுப்பில் வாசியுங்கள், புகாராக அனுப்புங்கள்.

வீடுகளில் இருப்பவர்களுக்கும் ஒன்று. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே மோதல் சோதனை வந்துவிட்டது. மைலேஜைக் கேட்பதற்கு முன்பு நட்சத்திரத்தைக் கேளுங்கள், உங்கள் இருக்கைக்கு எத்தனை பை என்று கேளுங்கள். கல்யாணப் பேச்சில் யாராவது வண்டியை வைத்துத் தமாசு சொன்னால் சிரிக்காதீர்கள். கோபமும் வேண்டாம். “புரியலையே, என்ன கேக்கிய? வெளக்கமாச் சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். தமாசை விளக்கச் சொன்னால் அது கோரிக்கையாக மாறிவிடும். கோரிக்கைக்குச் சட்டத்தில் பெயர் உண்டு.

உழைத்த பணத்தில் வாங்குகிற கார் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும், ஒரு சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் வந்துவிடும்.